பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிறதா? குழந்தைகளின் களிமண் பிள்ளையாரில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

ஆவணி பிறந்தால் வீட்டில் களிமண் வேலை தொடங்கிவிடும். குழந்தைகள் செய்யும் பிள்ளையாருக்கு வருகிற கோளாறுகள் பத்துப் பன்னிரண்டுதான். வருஷா வருஷம் அதேதான் வரும். உங்கள் பிள்ளையாருக்கு என்ன ஆயிற்றோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாமல் தீர்வது முதலில் இருக்கும், மண்ணையே மாற்ற வேண்டியது கடைசியில் இருக்கும். கண்ணுக்கு வைக்கக் குன்றிமணி வாங்கி வைத்திருந்தால் மட்டும், வேறெதற்கும் முன்னால் ‘கண்’ பகுதியைப் படித்துவிடுங்கள்.

அளவுகள் எல்லாம் 10 செ.மீ. உயரப் பிள்ளையாருக்குச் சொன்னவை. ஐந்து வயதுக் குழந்தை சலிக்காமல் ஒரே உட்காரலில் முடிக்கக்கூடிய உயரம் அதுதான். பிசைந்த மண் 400 கிராம் போதும். தராசு இல்லையென்றால் உருண்டைக் கணக்கு: உடம்புக்குச் சின்னச் சாத்துக்குடி அளவு ஒன்று, தலைக்கும் துதிக்கைக்கும் சேர்த்து ஓர் எலுமிச்சை, பீடத்துக்கு இன்னோர் எலுமிச்சை, கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய நெல்லிக்காய், இரண்டு கைக்கும் சேர்த்து அதைவிடச் சற்றுப் பெரியதாக ஒன்று, காதுக்கும் கிரீடத்துக்கும் ஒரு நெல்லிக்காய். சதுர்த்திக்கு ஆறு நாள் முன்னால் உருவம் முடிந்திருக்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதி, முந்தைய நாள் சாயங்காலம் மண்ணைத் தொடுவதால் வருபவை.

மண் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது

தண்ணீர் கூடிவிட்டது. பழைய பருத்தி வேட்டி அல்லது கோணிமேல் மண்ணை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி 20 நிமிடம் விடுங்கள், புரட்டிப் போட்டு இன்னொரு 20 நிமிடம். துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு மைதாவோ அரிசிமாவோ தூவ வேண்டாம். மூன்றாம் நாள் அதில்தான் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த மண்தூளைத் தூவினால் உள்ளே கட்டி கட்டியாக நிற்கும்.

பதம் சரியாக இருந்து நடுவில் ஒட்ட ஆரம்பித்தால் பக்கத்தில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தைப் பாருங்கள். குழந்தை ஒவ்வொரு உருண்டைக்கும் கையை முக்கியிருக்கும். கிண்ணத்தை எடுத்துவிட்டு, பிழிந்த ஈரத்துணி ஒன்றை மட்டும் கொடுங்கள். விரலை அதில் தொட்டுக்கொண்டால் போதும்.

இரண்டும் இல்லையென்றால் மண்ணே அளவுக்கு மீறிப் பசையானது. ஒரு கிலோவுக்கு 150 கிராம் சலித்த மெல்லிய மணல் சேர்த்துப் பிசையுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் கடற்கரை மணலை எடுக்க வேண்டாம். அதிலுள்ள உப்பு காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்துவிடும்.

பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் கலர் களிமண் இந்தக் கணக்கிலேயே வராது. அது எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது. காயவும் காயாது, கரையவும் கரையாது.

உருட்டும்போதே விண்டு போகிறது

முதலில் ஒரு சோதனை. பென்சில் கனத்துக்கு மண்ணைக் கயிறாகத் திரித்து ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரிசல் இல்லாமல் வளைந்தால் மண் நல்ல மண், கோளாறு கையில் இருக்கிறது. மேலே சில கீறல் விழுந்தால் ஈரம் போதாது. முறிந்து விழுந்தால் மணல் அதிகம்.

கோளாறு கையில் என்றால்: குழந்தை ஒரு துண்டை நெடுநேரம் உருட்டிக்கொண்டே இருந்திருக்கும். உள்ளங்கைச் சூட்டில் சின்னத் துண்டு ஐந்து நிமிடத்தில் வறண்டுவிடும். காது, கிரீடம், மோதகம் போன்ற சின்ன உருப்படிகளைக் கடைசியில் செய்யக் கொடுங்கள். காத்திருக்கும் மண் ஈரத்துணிக்குள் இருக்கட்டும்.

ஈரம் போதாதென்றால்: மண்ணில் கட்டைவிரலால் நாலைந்து குழி குத்தி, குழிகளில் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். மேலே தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் வெளியே சேறும் உள்ளே கட்டியுமாக ஆகும். காலையில் பத்து நிமிடம் பிசைந்து, தரையில் ஓங்கி ஓங்கி இருபது முப்பது தடவை அடியுங்கள். குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்த கட்டம் கிடையாது. உள்ளே அகப்பட்ட காற்றெல்லாம் வெளியேறிவிட்டதா என்று பார்க்க உருண்டையை ஒரு நூலால் நடுவே அறுங்கள். வெட்டுமுகத்தில் ஓட்டை தெரிந்தால் இன்னும் அடிக்க வேண்டும்.

மணல் அதிகம் என்றால்: மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு, மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். மணல் முதல் வாளியின் அடியில் தங்கிவிடும். கலங்கல் ஒரு ராத்திரி தெளியட்டும். மேல்நீரை வடித்துவிட்டு அடியில் தேங்கியதைத் துணிமேல் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் பிசையும் பதத்துக்கு வரும். இத்தனை நாள் கையில் இல்லையென்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள், குயவரிடம் போய்விடுங்கள். சென்னையில் கொசப்பேட்டை, மதுரைப் பக்கம் விளாச்சேரி, சிவகங்கைப் பக்கம் மானாமதுரை எல்லாம் இந்தத் தொழில் நடக்கும் இடங்கள். போய், ‘பானை மண் வேண்டாம், பொம்மை பிடிக்கிற பதத்தில் கொடுங்கள்’ என்று கேளுங்கள். பிள்ளையாருக்கு என்று சொன்னாலே பிசைந்து உருட்டித் தருவார்கள்.

ஏரி, குளத்திலிருந்து நேரே எடுத்த மண்ணைக் குழந்தை கையில் கொடுக்கும் முன் பெரியவர்கள் ஊறவைத்துக் கரைத்துப் பழைய கொசுவலையில் வடிகட்டிவிட வேண்டும். கருவேல முள்ளும் கண்ணாடிச் சில்லும் அதில் இல்லாமல் இருக்காது. உலர்ந்த கட்டியை வீட்டுக்குள் இடித்துச் சலிக்காதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

உட்கார வைத்தால் சரிகிறார், தலை அமுங்குகிறது

கீழ்ப்பகுதி இறுகும் முன்னே மேல்பகுதியை ஏற்றிவிட்டீர்கள். பீடமும் உடம்பும் முடிந்ததும் அரைமணி நேரம் நிழலில் விடுங்கள். அந்த நேரத்தில் குழந்தை எலி செய்யட்டும். பிறகு கால், கை, கடைசியில் தலை.

அப்போதும் சரிந்தால் தலையைப் பாருங்கள். குழந்தைகள் தலையை உடம்பளவு செய்வார்கள், அதுதான் அழகும்கூட. தலையைக் குறைக்கச் சொல்வதைவிட, பிள்ளையாரின் முதுகுக்குப் பின்னால் ஒரு திண்டோ திருவாசி போல ஒரு பலகையோ வைத்துப் பிடரியோடு சேர்த்துவிடுங்கள். துதிக்கையையும் தொங்கவிடாமல் தொப்பைமேல் படுக்கவைத்தால் தாங்குவதற்கு இன்னோர் இடம் கிடைக்கும்.

துதிக்கை, காது, கை கழன்று விழுகிறது

எப்போது விழுந்தது, எப்படி விழுந்தது என்று பாருங்கள்.

*ஒட்டிய அன்றே விழுந்தால்* ஒட்டிய இடம் வழவழப்பாக இருந்திருக்கும். வெறும் தண்ணீர் தடவி ஒட்டுவது எல்லாரும் செய்யும் தவறு. தண்ணீர் பசை ஆகாது. ஒட்டவேண்டிய இரண்டு முகத்திலும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். அதே மண்ணைத் தோசைமாவு பதத்துக்குக் கரைத்து இரண்டிலும் தடவி, லேசாக ஆட்டி அழுத்துங்கள். பிறகு சேர்ந்த கோட்டின்மேல் புழு மாதிரி ஒரு மெல்லிய மண்கயிறு வைத்து விரலால் இருபக்கமும் இழுத்துத் தேயுங்கள். கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை தேய்க்க வேண்டும்.

*காய்ந்தபின் ஒட்டின இடத்திலேயே சுத்தமாகக் கழன்றால்* ஈர வித்தியாசம்தான் காரணம். நேற்றுச் செய்த உடம்பில் இன்று பிசைந்த காதை ஒட்டியிருப்பீர்கள். உடம்பு ஏற்கனவே சுருங்கி முடித்துவிட்டது, காது இனிமேல்தான் சுருங்கும். ஒரே நாளில் முடிக்க முடியாவிட்டால் உடம்பை ஈரத்துணியும் அதன்மேல் பிளாஸ்டிக் பையும் போட்டு மூடி வையுங்கள். மறுநாளும் அதே பதத்தில் இருக்கும்.

*துதிக்கை நடுவில் முறிந்தால்* மெல்லிசாகிவிட்டது. நுனி சுண்டுவிரல் கனத்துக்குக் குறையக் கூடாது. குச்சி சொருகிப் பலப்படுத்துவது சரிதான், ஆனால் மண் சுருங்கும்போது குச்சி சுருங்காது. அதைச் சுற்றியே மண் பிளக்கும். ஈர்க்குச்சிமேல் செய்தித்தாளை ஒரு சுற்றுச் சுற்றிச் சொருகினால் காகிதம் அமுங்கி இடம் கொடுக்கும். பல்குத்தும் குச்சியை அப்படியே சொருகுவதைவிடச் சொருகாமல் விடுவது மேல்.

முழுக்கக் காய்ந்த பிள்ளையாரின் உடைந்த பகுதியை ஈரமண்ணால் ஒட்ட முடியாது. டிஷ்யூ காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி, சம அளவு கரைத்த மண்ணோடு கலந்து, முறிந்த இரு முகத்தையும் ஈரப்படுத்தித் தடவி ஒட்டுங்கள். காகித நார் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் கரையவும் செய்யும். ஃபெவிகால் வைத்தும் ஒட்டலாம். ஆனால் கரைக்கும்போது அந்த இடம் மட்டும் தோல்போல் மிதக்கும்.

காயும்போது வெடிக்கிறது

அதிகம் பேர் தவிக்கும் கோளாறு இது. வெடிப்பு எங்கே விழுந்தது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். களிமண் காயும்போது நீளத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை சுருங்கும். 10 செ.மீ. பிள்ளையார் ஒன்பது, ஒன்பதரை ஆவார். சுருங்குவதைத் தடுக்க முடியாது, எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் சுருங்க வைக்க முடியும்.

*மேலெல்லாம் சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்.* வழவழப்பாக்க ஈரக்கையால் தடவிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்; மேல்தோல் மட்டும் சேறாகிக் காய்ந்திருக்கிறது. ஆபத்தில்லை. இன்னும் ஈரம் இருந்தால் கரண்டியின் முதுகால் தண்ணீர் தொடாமல் தேயுங்கள். காய்ந்துவிட்டால் அப்படியே விடுங்கள், நிறம் பூசினால் மறைந்துவிடும்.

*ஒரு பக்கம் மட்டும் வெடிப்பு.* அந்தப் பக்கம் ஜன்னல், மின்விசிறி அல்லது வெயில். காற்று வீசாத நிழலுக்கு மாற்றி, வெடித்த பக்கத்தில் ஈரத்துணி போர்த்தி நாலுமணி நேரம் விட்டு, கீறலை ஈர்க்குச்சியால் சற்று அகலப்படுத்தி, அதே பதத்தில் உள்ள மண்ணை அழுத்தி நிரப்புங்கள். முதல் நாள் முழுக்கத் துணியால் மூடியே வைப்பதும், தினம் இரண்டு தடவை திருப்பி வைப்பதும் இதை வராமல் தடுக்கும்.

*பீடத்தின் அடியில் அல்லது விளிம்பில் வெடிப்பு.* தரையோடோ தட்டோடோ ஒட்டிக்கொண்டுவிட்டது. சுருங்க நினைக்கும் மண்ணைத் தட்டு பிடித்து வைத்துக்கொள்கிறது. அடியில் செய்தித்தாள் இரண்டு மடிப்பு போடுங்கள், அல்லது மெல்லிய மணல் தூவுங்கள். எவர்சில்வர் தட்டைவிட மரப்பலகை நல்லது.

*கழுத்தைச் சுற்றி வெடிப்பு.* உடம்பு கனம், கழுத்து மெல்லிசு. கழுத்து முதலில் காய்ந்துவிடுகிறது. கழுத்தில் மட்டும் ஒரு ஈரத்துணி நாடாவைச் சுற்றி வைத்து, உடம்பும் காயும்வரை தாமதப்படுத்துங்கள். ஒரு மண்மாலையைச் செய்து போட்டுவிடுவது குழந்தைகள் கண்டுபிடிக்கும் வழி, அதுவும் வேலை செய்கிறது. அந்த இடத்தில் கனம் கூடிவிடுகிறது அல்லவா.

*தொப்பையைப் பிளந்துகொண்டு ஆழமான வெடிப்பு.* உள்ளே கனம் அதிகம். வெளியே காய்ந்தபோது நடுவில் ஈரம் இருந்திருக்கிறது. 10 செ.மீ. பிள்ளையாரே இதற்கு எல்லை. அதைவிடப் பெரியதென்றால் குடைந்தே ஆகவேண்டும். மண் பாதி உலர்ந்த பதத்தில், அதாவது நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், அழுத்தினால் குழியக் கூடாது என்ற பதத்தில், படுக்கவைத்து அடியிலிருந்து டீஸ்பூனால் சுரண்டி எடுங்கள். சுற்றுச்சுவர் ஒன்றரை செ.மீ. நிற்கட்டும். குடைந்த வாய் திறந்தே இருக்கட்டும், மூடாதீர்கள். இன்னொரு வழி, பிசையும்போதே ஒரு கிலோவுக்கு ஒரு கைப்பிடி உமி அல்லது பொடியாக நறுக்கிய தேங்காய் நார் சேர்ப்பது. வழவழப்பு போய்விடும், வெடிப்பும் போய்விடும்.

விட்டுவிட வேண்டிய இடம்: வெடிப்பு ஒரு செ.மீ.க்கு மேல் ஆழமாகி, விரலால் தொட்டால் இரண்டு பக்கமும் தனித்தனியே அசைந்தால் ஒட்டுப்போடாதீர்கள். உடைத்துத் தண்ணீரில் போடுங்கள். நன்கு காய்ந்த களிமண் ஒரே ராத்திரியில் ஊறிப் பழையபடி மண்ணாகிவிடும். நஷ்டம் ஒரு நாள்தான். குழந்தைக்குத் தெரியாமல் உடைக்காமல், அதன் கையாலேயே போடச் சொல்லுங்கள். கரைவதைப் பார்ப்பதில் அழுகை மறந்துவிடும்.

காயவே மாட்டேன் என்கிறது, வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது

காய்ந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளையாரைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் துல்லியம்: 400 கிராம் மண் காய்ந்தபின் 300 முதல் 320 கிராமுக்கு வரும், அடுத்தடுத்து இரண்டு நாள் எடை மாறாது.

ஆவணியில் சாயங்கால மழை சகஜம். கடலோர ஊர்களில் இந்த அளவுக்கே ஐந்து நாள் ஆகும். முதல் இரண்டு நாள் பொறுத்துவிட்டால், அதன்பின் மின்விசிறிக் காற்றிலோ காலை வெயிலிலோ வைக்கலாம். முதல் நாளே வைப்பதுதான் தப்பு. அடுப்புப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

பூஞ்சை வந்தால் மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மறுபடி மறுபடி வந்தால் மண்ணில் அழுகும் இலைதழை கலந்திருக்கிறது. நாற்றத்திலேயே தெரியும். அந்த மண் தோட்டத்துக்கு நல்லது, பிள்ளையாருக்கு வேண்டாம்.

நாளைக்குச் சதுர்த்தி, இன்னும் ஈரம் போகவில்லை என்றால் நிறம் பூசாமல் ஈரத்தோடே வைத்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது. உருவமே நிற்கவில்லை என்றால் மஞ்சள்தூளைக் கெட்டியாகக் குழைத்து மூன்று விரலால் பிடித்து, தலையில் அறுகம்புல் சொருகினால் ஆயிற்று. பிடித்து வைத்தால் பிள்ளையார்.

அச்சிலிருந்து வர மறுக்கிறது, முகம் பாதிதான் பதிகிறது

மரமோ சுட்ட மண்ணோ, அச்சுக்குள் சலித்த சாம்பல் தூவித் தட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் அச்சு என்றால் நல்லெண்ணெய் விரலால் தொட்டு ஒரு பூச்சு, வழியக் கூடாது. மண்ணை ஒரே உருண்டையாகத் திணித்தால் துதிக்கைப் பள்ளத்தில் காற்று நின்றுவிடும். முதலில் சின்ன உருண்டைகளாகத் துதிக்கை, கண், காதுப் பள்ளங்களை நிரப்பிவிட்டு மீதியை அழுத்துங்கள். 15 நிமிடம் அப்படியே விட்டால் மண் சற்றுச் சுருங்கித் தானே பிரியும். கத்தியால் நெம்பினால் அச்சுதான் போகும்.

கண் நிற்கவில்லை, விழுந்துவிடுகிறது

குன்றிமணிதான் வழக்கம், அழகும் அதுதான். ஆனால் குழந்தைகள் வேலை செய்யும் இடத்தில் அது இருக்கவே கூடாது. அதற்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. முழுதாக விழுங்கினால் கெட்டித் தோல் சில சமயம் காப்பாற்றும். மென்றாலும், ஓட்டை போட்ட மணி என்றாலும் ஆபத்து. பிள்ளையாரிடமிருந்து கழன்று விழும் சிவப்பு மணி தவழும் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில்தான் விழும்.

வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தாலே நேரே மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108. வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மிச்ச மணிகளைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். குழந்தை சாதாரணமாக விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது, தொந்தரவு பல மணி நேரம் கழித்தும் தொடங்கும்.

கண்ணுக்கு முழுக் கருப்பு உளுந்து அல்லது மிளகு போதும். மண் ஈரமாக இருக்கும்போதே பாதி ஆழத்துக்கு அழுத்திவிடுங்கள். சுருங்கும் மண் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் ஒட்டினால்தான் விழும். மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் மிளகும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும். ஈர்க்குச்சியால் குத்திக் கரியால் பொட்டு வையுங்கள்.

எருக்கம்பூ மாலையும் இந்தப் பகுதியைச் சேர்ந்ததுதான். பூவைக் கிள்ளும் வேலையைப் பெரியவர்கள் செய்துவிட்டு, பால் வடிந்து உலர்ந்தபின் கோக்க மட்டும் குழந்தைக்குக் கொடுங்கள், கோத்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வையுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் சில சமயம் வலிக்கவே வலிக்காது, பார்வை மட்டும் மங்கும். சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஓடவிட்டுக் கழுவி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று ஊற்ற வேண்டாம்.

நிறம் உதிர்கிறது, ஓடுகிறது, மாறுகிறது

*செதிலாக உதிர்ந்தால்* உள்ளே ஈரம் இருக்கும்போதே பூசிவிட்டீர்கள், அல்லது ஒரே பூச்சாகக் கனமாகப் பூசியிருக்கிறீர்கள். காய்ந்த துணியால் தூசி தட்டி, மெல்லிசாக இரண்டு பூச்சு.

*தொட்டால் கையில் ஒட்டினால்* காவி, மஞ்சள், குங்குமம் எல்லாம் வெறும் பொடி, பிடிப்பதற்கு ஏதாவது வேண்டும். அரிசிக் கஞ்சித் தெளிவில் குழைத்துப் பூசுங்கள். ஒருநாள் பூசைக்குத் தாங்கும்.

*மஞ்சள் பூசினால் சிவப்பாகிறது.* அடியில் சுண்ணாம்பு அடித்திருக்கிறீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும், ஆரத்தியில் பார்ப்பதுதான். வெள்ளை அடித்தளம் வேண்டுமானால் அரிசிமாவுக் கரைசல் அல்லது விபூதி. சிவப்புப் பிள்ளையார்தான் ஆசை என்றால் கோளாறையே வழியாக்கிக்கொள்ளலாம், ஆனால் ஈரச் சுண்ணாம்பைக் குழந்தை தொடக் கூடாது.

அக்ரிலிக், எனாமல், மினுமினுப்புத் தூள் மூன்றும் நன்றாக நிற்கும். நிற்பதுதான் பிரச்சினை, கீழே கரைக்கும் பகுதியில் தெரியும்.

குடை சாய்கிறது

ஈரமண்ணில் குச்சியை நட்டால் காய்ந்தபின் சுற்றிலும் பிளக்கும். பீடத்தில் குச்சியைச் சொருகிச் சற்றுச் சுழற்றி எடுத்துவிடுங்கள், ஓட்டை மட்டும் இருக்கட்டும். காய்ந்தபின் குடையை நட்டு, இடைவெளியில் துணுக்குத் துணி திணித்தால் நிமிர்ந்து நிற்கும். குடை விட்டம் 12 செ.மீ. தாண்டினால் இந்த அளவுப் பிள்ளையார் பின்பக்கம் சாய்வார்.

வாளியில் கரையவில்லை

15 லிட்டர் வாளியில் முக்கால் தண்ணீர். 10 செ.மீ. பிள்ளையார் சில மணி நேரத்தில் குலைந்துவிட வேண்டும். மறுநாளும் உருவம் கலையாமல் இருந்தால் இவற்றைப் பாருங்கள்.

ஈரப் பிள்ளையாரா? பலரும் நம்பாதது இது: எலும்பாகக் காய்ந்த களிமண்தான் வேகமாகக் கரையும், ஈரக் களிமண் முரண்டு பிடிக்கும். காய்ந்த மண்ணின் நுண்துளைகளுக்குள் தண்ணீர் புகுந்து காற்றை வெளியே தள்ளி, மண்ணை உதிர்த்துவிடும். ஈரமண்ணில் அந்த இடம் ஏற்கனவே நிறைந்திருக்கிறது. வெளியே எடுத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மறுபடி போடுங்கள்.

மேலே அக்ரிலிக் அல்லது எனாமல் பூச்சா? தண்ணீர் உள்ளே போக வழியில்லை. அடிப்பக்கத்தில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டுப் போடுங்கள். மண் கரைந்தபின் மிதக்கும் தோலை வடிகட்டிக் குப்பையில் சேருங்கள், செடிக்கு ஊற்றாதீர்கள்.

அபிஷேக எண்ணெய் ஊறியிருக்கிறதா? சீயக்காய்த் தண்ணீரில் கழுவிவிட்டு முக்குங்கள்.

எதுவும் இல்லையென்றால் அது களிமண்ணே இல்லை. தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சுட்டமண்; கரையாது, அடுத்த வருஷத்துக்கு எடுத்து வையுங்கள். கடையில் வாங்கியது, மிக லேசாகவும் உடைத்தால் சுண்ணாம்புக்கட்டி போல வெள்ளையாகவும் இருந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்திய சிலைக்கரைப்பு வழிகாட்டுதல்கள் இதையும் தெர்மாகோலையும் விலக்கியிருக்கின்றன. ஏரியில் போடாமல் உங்கள் ஊராட்சி, நகராட்சி சொல்லும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். 30 செ.மீ.க்கு மேற்பட்ட பிள்ளையார்தான் வேண்டுமென்று குழந்தைகள் அடம்பிடித்தால், அது வீட்டில் செய்யும் அளவு அல்ல. குயவரிடம் நிறம் பூசாத பச்சைமண் பிள்ளையாராகக் கேட்டு வாங்கி, அலங்காரத்தை மட்டும் குழந்தைகளிடம் விடுங்கள்.

விதைப் பிள்ளையார் முளைக்கவில்லை

*காயும்போதே தொப்பையில் முளை எட்டிப் பார்த்தால்* ஈரமண்ணில் விதையைக் கலந்து பிசைந்திருக்கிறீர்கள். ஐந்து நாள் ஈரம் விதைக்குப் போதும். முளைத்து, பிறகு வறண்டு செத்துவிடும். ஊறிப் பெருத்த விதை பிள்ளையாரையும் பிளக்கும். அடியில் பெருவிரல் ஆழத்துக்கு ஒரு குழி விட்டு, முழுக்கக் காய்ந்தபின் விதையைக் காகிதத்தில் மடித்து அதில் வையுங்கள்.

*தொட்டியில் கரைத்தபின் முளைக்கவில்லை என்றால்* களிமண் மேலே ஓடு மாதிரி இறுகி மூடியிருக்கும். விரலால் தட்டினால் தெரியும். கரைசல் ஒரு பங்குக்குத் தோட்டமண்ணும் தென்னைநார்க் கழிவும் சேர்த்து மூன்று பங்கு கலந்து, விதையை அரை செ.மீ. ஆழத்துக்குள் போடுங்கள். கீரை மூன்று முதல் ஐந்து நாளிலும் வெண்டை ஒரு வாரத்திலும் தலைகாட்டும், கத்தரிக்கும் தக்காளிக்கும் இன்னும் சில நாள் கொடுங்கள்.

15 நாள் ஆகியும் ஒன்றும் இல்லையென்றால் விதை பழசு. தோண்டித் தோண்டிப் பார்க்கும் குழந்தைக்குச் சமாதானம் சொல்வதைவிட, நாற்றங்காலில் ஒரு தக்காளி நாற்று வாங்கி அதே மண்ணில் நட்டுவிடுங்கள்.